நியூயார்க்கில் ஒரு தரங்கம்பாடி அழகி!

குற்றாலத்துக்குச் சீசன் பார்க்கப் போகிறவர்கள், அருவியில் குளித்து, குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு, சற்றுத் தள்ளி இருக்கும் சித்திர சபைக்கும் போய் வருவது உண்டு.

நடராஜப் பெருமானுக்கு உரிய சபைகள் ஐந்து. சிதம்பரத்தில் பொன்னம்பலம். மதுரையில் வெள்ளியம்பலம். திருநெல்வேலியில் தாமிர சபை. திருவாலங்காட்டில் ரத்தின சபை. குற்றாலத்தில் மட்டும் ஆடும் பெருமான் சுவரில் எழுதிய சித்திரமாகக் காட்சி தருகிறார். ஆகவே, வர்ணத்துக்கும் தூரிகைக்கும் என்ன மதிப்பு உண்டு என்பதைத் தென்காசிப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

சாமி படத்தின் கதை வேறு. மனிதர் படத்தின் கதை வேறு. மனிதரைப் பார்த்து எழுதிய படம், அந்த மனிதர் மண்ணோடு மண்ணாகிப் போன பிறகும் சுவரில் இருந்துகொண்டு எதையோ சொல்லிக் கொண்டிருக்கும்.

அப்படி ஒரு படம் அமெரிக்காவில், நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. நீள்வட்டமான எண்ணெய் வர்ணப் படம். உயரம் 3 அடி. அகலம் இரண்டேகால் அடிக்குச் சற்று மேல். அதில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். பட்டு உடை, நீல நிற ரிப்பன் முடிச்சு. கையில் சங்கீதக் குறிப்பு எழுதிய தாள். கண்கள் மேலே வானத்தைப் பார்க்கின்றன. பாட்டு வாயில் வரப்போகிறதா, வந்து முடிந்துவிட்டதா என்று சொல்ல முடியாது!

யார் இந்த அழகி? பிரெஞ்சு நாட்டு இளவரசி. நெப்போலியனின் வெளிநாட்டு மந்திரி டாலிராண்டின் மனைவி. அதற்கு முன் அவருக்கே ஆசைநாயகி. அதற்கும் முன் வேறு சிலருக்கு.

அவள் பிறந்த ஊர் தரங்கம்பாடி! ஆம், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், கடலோரத்தில் டேனிஷ் கோட்டை நிற்கிறதே, அதே தரங்கம்பாடிதான்.

கோட்டைகள் விழுந்த காலம்

பிரெஞ்சுக்காரப் பெண் டேனிஷ்காரர் ஊரில் பிறப்பானேன்? அதற்குக் காரணம் ஒரு யுத்தம்.

1761ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்குப் பொல்லாத ஆண்டு. தெற்கே, இன்றைய தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூர்க் கோட்டையைக் கும்பினியின் தளபதி யூசுப்கான் பீரங்கி வைத்துத் தாக்கினார். பூலித்தேவரின் கோட்டைகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. அதே ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி பட்டினியால் பணிந்தார். உள்ளே புகுந்த ஆங்கிலேயர் கோட்டையோடு நகரத்தையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள்.

வீடு வாசல் இழந்த பிரெஞ்சுக்காரர்களுக்குப் பக்கத்தில் இருந்த நடுநிலைத் துறைமுகம் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர் அங்கே குடியேறியிருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சண்டையில் சம்பந்தம் இல்லை. கப்பல் வரும், மிளகு போகும், மாதா கோவில் மணி அடிக்கும். அவ்வளவுதான்.

புதுச்சேரி விழுந்த ஓரிரு ஆண்டுக்குள், அந்தத் தரங்கம்பாடியில் வெர்லே என்ற பிரெஞ்சு அதிகாரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. காதரின் என்று பெயர் வைத்தார்கள். வெர்லே பெரிய பிரபு அல்ல. சமாதானம் ஆனதும் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள பிரெஞ்சுப் பட்டினமான சந்திரநாகூரில் துறைமுக அதிகாரியாக இருந்தவர். பெண் அங்கே வளர்ந்தாள். படிப்பு அதிகம் கிடையாது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பெண்களைப் படிக்கவைக்க இந்தியாவில் பள்ளிக்கூடம் ஏது? பையன்களைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள். பெண்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

காதரினுக்கும் பார்த்தார்கள். பதினைந்து வயதை ஒட்டி, 1777இல் கல்யாணம். மாப்பிள்ளை ஜார்ஜ் கிராண்ட், சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர், ஆங்கிலக் கும்பினியில் உத்தியோகம், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்சின் தயவு பெற்றவர். கல்கத்தாவில் குடித்தனம் வைத்தார்கள். அன்று முதல் அவள் மேடம் கிராண்ட்.

மூங்கில் ஏணி

அப்போது கல்கத்தாவில் ஹேஸ்டிங்சுக்கு ஒரு பரம விரோதி இருந்தார். பெயர் பிலிப் பிரான்சிஸ். கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் அங்கத்தினர். ஆண்டுக்கு 10,000 பவுன் சம்பளம். கெட்டிக்காரர், கர்வி, மனைவி மக்களை இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்தவர். வயது 38.

நடன விருந்துகளில் அவர் மேடம் கிராண்டைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருக்கவில்லை.

1778 டிசம்பர் 8ஆம் தேதி இரவு. கிராண்ட் துரை நண்பர்களோடு சாப்பிட வெளியே போயிருந்தார். அவருடைய வீட்டு மதில் அருகே ஒரு மூங்கில் ஏணி கிடப்பதை வேலைக்காரர்கள் கண்டார்கள். சந்தேகப்பட்டுக் காத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் உள்ளே இருந்து கறுப்பு உடையில் ஓர் உருவம் வந்தது. ஜமேதார் பாய்ந்து பிடித்தான். பிடித்துப் பார்த்தால், கும்பினியின் ஆலோசனைச் சபை அங்கத்தினர்!

பணம் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. ஒரு விசில் அடித்தார். வெளியே காத்திருந்த சிநேகிதர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். அடிதடியில் பிரான்சிஸ் தப்பி ஓடினார். மாட்டிக்கொண்டது சிநேகிதர் ஷீ. கிராண்ட் துரை வாளோடு வந்து சேர்ந்தபோது, நாற்காலியில் கட்டுண்டு கிடந்தவர் அவர்தான்.

மறுநாள் கிராண்ட் பிரான்சிசைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். பிரான்சிஸ் வரவில்லை. மனைவியைக் கிராண்ட் சந்திரநாகூருக்கு, அவளுடைய உறவினரிடம் அனுப்பிவிட்டார். போகுமுன் அவள் புருஷனைப் பார்த்துப் பேசவேண்டும் என்று மன்றாடினாள். மூன்று மணி நேரம் அழுகையும் புலம்பலுமாக அந்தப் பேச்சு நடந்தது என்று கிராண்டே தம் சுயசரிதையில் எழுதி வைத்தார். 

நடந்தது அவளுடைய சம்மதத்தோடா, சம்மதம் இல்லாமலா? இதைக் கேட்க அன்று கல்கத்தாவில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு அப்போது வயது பதினாறோ பதினேழோ!

ஐம்பதாயிரம் ரூபாய்

கிராண்ட் கோர்ட்டுக்குப் போனார். 1775இல் நந்தகுமாரைத் தூக்குக்கு அனுப்பிய அதே கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டு. தலைமை நீதிபதி இம்பே. கூட ஹைடு, சேம்பர்ஸ் என்ற இரு நீதிபதிகள்.

அந்தக் கால ஆங்கிலச் சட்டம் விசித்திரமானது. ஒருவன் மனைவியை இன்னொருவன் கெடுத்தால், அது கணவனுக்கு ஏற்பட்ட நஷ்டம். பயிரை மாடு மேய்ந்தால் மாட்டுக்காரன் நஷ்டஈடு கொடுப்பதில்லையா, அந்த மாதிரி! மனைவி அந்த வழக்கில் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல. சாட்சிக்கூண்டில் ஏறவும் அவளுக்கு உரிமை இல்லை. ஜமேதாரும் ஆயாவும் வந்து சாட்சி சொன்னார்கள். யாரைப் பற்றிய வழக்கோ, அவள் வாயைத் திறக்கவில்லை.

சாட்சியம் போதாது என்றார் சேம்பர்ஸ். ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லலாம் என்றார் ஹைடு. இம்பே பாதியில் நின்றார். 1779 மார்ச்சில் தீர்ப்பு: பிலிப் பிரான்சிஸ், ஜார்ஜ் கிராண்டுக்கு 50,000 ரூபாய் கொடுக்கவேண்டும்.

தீர்ப்பு வாசிக்கும்போது, ஹைடு குறுக்கிட்டு, சிக்கா ரூபாய் என்று சேர்த்துச் சொல்லும்படி இம்பேயின் காதில் முணுமுணுத்தாராம். சிக்கா ரூபாய்க்கு மதிப்புக் கூடுதல். நீதிபதியின் கணக்கு வழக்கைப் பார்த்தீர்களா!

பணம் கணவருக்குப் போயிற்று. பெண் எங்கே போவாள்? பிறந்த வீட்டில் தலை காட்ட முடியாது. புகுந்த வீடு இல்லை. கடைசியில், தன் வாழ்வைக் குலைத்த பிரான்சிசின் பாதுகாப்பிலேயே ஹூக்ளியில் ஏறக்குறைய ஓராண்டு இருந்தாள். பிறகு அதுவும் முடிந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினாள். இந்தியாவை அதன் பிறகு அவள் பார்க்கவில்லை.

படம் பிறந்த கதை

பாரீசில் அவளுக்கு இருந்த முதல் அழகு ஒன்றுதான். நெடிய உருவம், பொன் நிறக் கூந்தல். அதைக் கொண்டு பிழைத்தாள். பெரிய மனிதர்கள் வீடு பிடித்துக் கொடுத்தார்கள். வண்டி வாங்கிக் கொடுத்தார்கள்.

பிரான்சு நாட்டில் அது பழகிப்போன சமாசாரம். 15ஆம் லூயி மன்னனின் ஆசைநாயகி பொம்பதூர் சீமாட்டிக்கு மந்திரிகள் கை கட்டி நின்றார்கள். அவள் தன் படத்தைப் பெரிய ஓவியர்களைக் கொண்டு எழுதச் செய்து, தான் படித்தவள், கலை தெரிந்தவள் என்று ஊருக்குக் காட்டினாள். அவளுக்குப் பின் வந்த து பாரி சீமாட்டியும் அப்படியே. படம் என்பது அவர்களுக்கு ஒரு பட்டயம் மாதிரி.

து பாரியைத் தீட்டிய ஓவியர்களில் ஒருவர் பெண். பெயர் விஜே லெ பிரன். மேரி அன்டாய்னெட் ராணிக்கு மிகவும் பிடித்தவர். 1783இல்தான் அவரை ராஜாங்க ஓவியக் கழகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கழகத்தில் ஒரே சமயத்தில் நான்கு பெண்களுக்கு மேல் இடம் கிடையாது!

அதே ஆண்டு நடந்த கண்காட்சிக்கு அவர் கொண்டுபோன படங்களில் ஒன்று ராணியின் படம். மெல்லிய வெள்ளை மஸ்லின் உடுப்பில் ராணியைத் தீட்டியிருந்தார். உள்ளாடையோடு ராணியைக் காட்டுவதா என்று ஒரே கூச்சல். அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

யாரும் கூச்சல் போடாத இன்னொரு படம் அங்கே இருந்தது. அதுதான் மேடம் கிராண்டின் படம்.

லெ பிரன் அவளுடைய பிழைப்பை அறியாதவர் அல்ல. ஆனாலும் படத்தில் அந்த வாடையே இல்லை. நகையைக் காட்டவில்லை, பணக்கார வீட்டுச் சாமானைக் காட்டவில்லை. கையில் பாட்டுத் தாளைக் கொடுத்து, கண்ணை மேலே பார்க்கவைத்தார். தேவமாதா படங்களிலும் புனிதவதிகள் படங்களிலும் காணும் பார்வை அது. கல்கத்தா கோர்ட்டில் யாரும் கேட்காத பெண்ணுக்கு, பாரீசில் ஒரு பெண் பாட்டுத் தாள் கொடுத்தாள் என்றே சொல்லலாம்.

பிஷப் மாப்பிள்ளை

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1792இல் பாரீசில் ரத்தம் ஓடியது. மேடம் கிராண்ட் இங்கிலாந்துக்குத் தப்பினாள். து பாரி சீமாட்டி அடுத்த ஆண்டு கில்லட்டின் யந்திரத்தில் தலையை இழந்தாள்.

கொந்தளிப்பு அடங்கியதும் பாரீசுக்குத் திரும்பிய மேடம் கிராண்டுக்கு ஒரு புது ஆபத்து. இங்கிலாந்துக்கு உளவு சொல்கிறாள் என்று 1798இல் போலீசார் பிடித்தார்கள். அவளை விடுவிக்கச் சொல்லி ஆட்சியாளர் பராசுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெளிநாட்டு மந்திரி டாலிராண்ட்!

அந்தக் கடிதம் சரித்திரத்தில் பேர் போனது. அவள் ஓர் இந்தியப் பெண், மிக அழகி, மிகச் சோம்பேறி, எந்தச் சதிக்கும் லாயக்கு இல்லாதவள், தாம் அவளை நேசிப்பதாக ஒப்புக்கொள்கிறார் - இதுதான் அதன் சாரம். காப்பாற்றத்தான் எழுதினார். ஆனால், அதிலேயே அவளை முட்டாளாக்கியும் விட்டார்.

டாலிராண்ட் சாதாரண ஆள் அல்ல. பழைய பிரபு வம்சம். கால் ஊனம். கத்தோலிக்க பிஷப்பாக இருந்து, புரட்சியோடு சேர்ந்து, போப்பாண்டவரின் தண்டனைக்கு ஆளாகி, மந்திரியானவர். அரசனுக்கும் புரட்சிக்கும் நெப்போலியனுக்கும் மறுபடி அரசனுக்கும் மாறி மாறி உழைத்து, கடைசிவரை தலை தப்பிய மகா சூரர்!

அவர் மாளிகையில் மேடம் கிராண்ட் குடியேறினாள். விருந்துகளுக்கு அவளே தலைவி. வெளிநாட்டுத் தூதர்களின் மனைவிமார் முகம் சுளித்தார்கள். கல்யாணம் ஆகாதவள் வரவேற்கிற வீட்டுக்கு நாங்கள் எப்படிப் போவது என்று முறையிட்டார்கள். விஷயம் நெப்போலியனிடம் போயிற்று. கல்யாணம் செய்துகொள், இல்லையேல் அனுப்பிவிடு என்பது நெப்போலியனின் கட்டளை.

கிராண்டோடு விவாகரத்து 1798இலேயே ஆகியிருந்தது. பிஷப்புக்குக் கல்யாணமா என்பதுதான் சிக்கல். துறவறத்திலிருந்து உலக வாழ்வுக்குத் திரும்பலாம் என்று போப்பாண்டவர் அனுமதித்தார்; மணம் முடிக்கலாம் என்று சொல்லவில்லை. டாலிராண்ட் தமக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொண்டார். 1802 செப்டம்பர் 10ஆம் தேதி கல்யாணம் நடந்தது.

பழைய கணவர் கிராண்ட்? அவருக்கு நன்னம்பிக்கை முனையில் ஓர் உத்தியோகம் தயாராயிற்று. டாலிராண்ட் சிபாரிசு. பாரீசிலிருந்து எத்தனை தூரமோ, அத்தனை நல்லது! அங்கே இருந்துகொண்டுதான் 1814இல் அவர் தம் சுயசரிதையை அச்சிட்டார்.

முட்டாள் என்ற பெயர்

தரங்கம்பாடியில் பிறந்த பெண் 1806இல் பெனவென்டோ இளவரசியானாள். நெப்போலியன் டாலிராண்டுக்குக் கொடுத்த பட்டம் அது. ஆனால் பாரீஸ் அவளை மன்னிக்கவில்லை. அவளைப் பற்றிய கேலிக் கதைகள் நகரம் முழுவதும் உலாவின.

அவற்றில் ஒன்று உலகப் பிரசித்தம். எகிப்துக்குப் போய் வந்து புஸ்தகம் எழுதிய தெனோன் என்ற அறிஞர் விருந்துக்கு வருகிறார், அவர் நூலைப் படித்துவை என்றாராம் டாலிராண்ட். அவள் தவறுதலாக ராபின்சன் குரூசோவைப் படித்துவிட்டு, தீவில் கிடைத்த வேலைக்காரன் பிரைடே சௌக்கியமா என்று தெனோனையே கேட்டாளாம்! கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், இதே கதையைச் சிலர் ராபின்சன் என்ற வேறொரு விருந்தாளியின் பேரில் சொல்கிறார்கள். விருந்தாளியின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லும் கதையில் உண்மை எவ்வளவு இருக்கும்?

வேறொரு கதையும் உண்டு. அதை ஏனோ அத்தனை பேர் சொல்வதில்லை. கல்யாணம் ஆகி அரண்மனைக்கு வந்தவளிடம், மேடம் கிராண்டின் குறைகளை டாலிராண்ட் மனைவியின் நன்னடத்தை மறக்கடிக்கும் என்று நம்புவதாக நெப்போலியன் குத்தலாகச் சொன்னாராம். அந்த விஷயத்தில் நெப்போலியன் மனைவியையே முன்மாதிரியாகக் கொள்வதாக அவள் பதில் சொன்னாளாம்! ஜோசபினின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பதில் எங்கே போய்த் தைத்தது என்று புரியும். முட்டாள் வாயில் வருகிற வார்த்தையா அது?

படிப்பு இல்லாதவள் என்பது நிஜம். பிரெஞ்சைப் பிழையாக எழுதினாள். பட்டத்தில் ஆசை வைத்தாள். டாலிராண்டின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஐரோப்பாவின் முதல் தரப் பேச்சாளர்கள். அவர்கள் நடுவே சந்திரநாகூர்த் துறைமுகக்காரர் மகள் என்ன பேசுவாள்? கல்கத்தா அவளை விலை போட்டது. பாரீஸ் அவளைச் சிரித்தது. இரண்டு ஊரும் அவளைப் பேசவிடவில்லை.

கடைசிக் காலம்

1808இல் நெப்போலியன் ஸ்பெயின் நாட்டு இளவரசர்களைப் பிடித்து, டாலிராண்டின் வலான்சே மாளிகையில் காவலில் வைத்தார். 1814 வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களோடு வந்த சான் கார்லோஸ் கோமகனையும் இளவரசியாரையும் சேர்த்து ஊர் பேசியது. இதற்குள் டாலிராண்டுக்கும் அவளிடம் அலுப்புத் தட்டிவிட்டது.

1814இல் வியன்னா மகாநாட்டுக்கு டாலிராண்ட் போனார். ஐரோப்பாவின் வரைபடத்தையே திருத்தி எழுதிய மகாநாடு. அங்கே விருந்துகளுக்குத் தலைமை தாங்க அவர் அழைத்துப்போனது மனைவியை அல்ல; தம் அண்ணன் தம்பி வழியில் வந்த மருமகள் டோரதியாவை. அவளுக்கு வயது 21.

இளவரசியாருக்கு ஆண்டுப் படி பேசி முடித்துப் பிரித்துவைத்தார்கள். சில காலம் லண்டனில் இருந்தார். பிறகு டாலிராண்ட் விரும்பாமல் இருந்தும் பாரீசுக்கே திரும்பினார். உடல் பருத்து, அழகு கரைந்து, பழைய சிநேகிதர் சிலரோடு காலம் தள்ளினார். டாலிராண்ட் 1838இல் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஒரு டிசம்பர் மாதம், அவர் கண்ணை மூடினார். மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

அவர் பிறந்த தரங்கம்பாடியை 1845இல் டேனிஷ்காரர் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

விஜே லெ பிரன் தீட்டிய படம் கை மாறி மாறி அமெரிக்கா போயிற்று. ஹார்க்னஸ் என்ற அமெரிக்கச் செல்வர் எழுதிவைத்த உயில்படி, அது மெட்ரோபாலிடன் மியூசியத்தில் சேர்ந்தது. 2012இல் அதே மியூசியம் இன்னொரு பெரிய படத்தை விலைக்கு வாங்கியது. 1808இல் ஜெரார் என்ற ஓவியர் தீட்டியது. பட்டுக் காலுறையும் மேசையில் சார்த்திய கையுமாக உட்கார்ந்திருப்பவர் டாலிராண்ட். மனைவியின் படம் வந்து பல ஆண்டு கழித்துக் கணவரின் படம் அந்தக் கட்டிடத்துக்குள் வந்து சேர்ந்தது.